பாடங் கேட்டல்

ஒரு நூலைக் கற்றதைப் பழைய புலவர்கள் ‘படித்தேன்’ என்று சொல்வது அரிது. ‘இன்னாரிடம் இன்ன நூலைப் பாடங் கேட்டேன்’ என்பதே அவர்கள் வழக்கு. கல்விக்குச் செவியே தலைவாயில் என்று எண்ணிய மரபு நம்முடையது. திருவள்ளுவர் கல்விக்கு ஓர் அதிகாரம் வகுத்ததோடு அமையாது, கேள்விக்கென்று மற்றோர் அதிகாரமும் வகுத்தார். நன்னூலாரோ பாடத்தை ஒருமுறை கேட்டதோடு நிறைவு கொள்ள விடவில்லை. மும்முறை கேட்டவனுக்கே பிறர்க்கு எடுத்துரைக்கும் வன்மை வரும் என்பது அவர் துணிபு.

இவற்றையெல்லாம் கால் நூற்றாண்டுக்கு மேலாக மாணவர்க்குச் சொல்லி வந்தவன் நான். ஆயினும் ‘கேட்டல்’ என்னும் சொல்லின் முழுப்பொருளை 2024ஆம் ஆண்டு ஆடி மாதத்தில், வெள்ளவத்தையிலே ஒரு சிறிய ஒலிப்பதிவுக் கூடத்தில், என் மாணவன் ஒருவனிடமிருந்தே அறிந்தேன். அவன் அங்கே தொழில் பழகும் பயிலுநன். அவனை அத்தொழிலுக்குப் போகாதே என்று தடுத்தவனும் நானே. இதை எழுதுவதற்கு அதுவும் ஒரு காரணம்.

அவன் கொட்டாஞ்சேனைப் பிள்ளை. தந்தை துறைமுகப் பக்கத்தில் நாட்கூலி வேலை செய்தவர். உயர்தர வகுப்பிலே தமிழை ஒரு பாடமாக எடுத்து என்னிடம் வந்தான். எழுத்திலே சராசரி மாணவன். ஆனால் விநோதமான வினாக்கள் கேட்பான். தொல்காப்பியத்து எழுத்ததிகாரத்திலே பிறப்பியலை நடத்திக்கொண்டிருந்த ஒருநாள், பகரமும் மகரமும் இதழ் இயைந்து பிறக்கும் என்று சொல்லிக் கரும்பலகையில் எழுதினேன். அவன் எழுந்து நின்றான். உள்ளங்கையை வாய்க்கு நேரே பிடித்திருந்தான்.

“ஐயா, ‘ப’ சொன்னா கையில காத்து அடிக்குது, ‘ம’ சொன்னா அடிக்கல்ல. ரெண்டுக்கும் உதடுதானே? அது ஏன்?”

மகரத்தை ஒலிக்கும்போது வாய் மூடியிருக்க, மூச்சு மூக்கின் வழியே செல்லும் என்று ஒரே வாக்கியத்தில் விடை சொல்லியிருக்கலாம். அன்றைய அவசரத்தில் நான் சொன்னது வேறு: “இது பரீட்சைக்கு வராது, உட்கார்.” அவன் உட்கார்ந்தான். வகுப்பு சிரித்தது.

2022ஆம் ஆண்டு நம் நாடு பட்ட பாடு எவரும் அறிந்ததே. மார்ச்சு மாத முடிவிலே ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணி நேர மின்வெட்டு. துறைமுகத்தில் வேலை குறைந்தது. வீட்டில் அடுப்பு எரிய வேண்டுமே என்று அவன் பாடசாலையை விட்டு நின்றான். ஒரு வருடம் கைப்பேசி திருத்தும் கடையில் இருந்தான். 2023 நடுவில் என்னைக் காண வந்து, வெள்ளவத்தையில் ஓர் ஒலிப்பதிவுக் கூடத்திலே தொழில் பழகப் போவதாகச் சொன்னான். கைச்செலவுக்கு மாத்திரமே பணம் தருவார்களாம். “பாட்டுப் பெட்டிக்குக் காவல் இருக்கவா இத்தனை வருடம் படித்தாய்? மறுபடியும் பரீட்சை எழுது. எழுதுவினைஞர் வேலையாவது கிடைக்கும்” என்று கடிந்துகொண்டேன். அவன் மறுத்துப் பேசவில்லை. வணங்கிவிட்டுச் சென்றான். அதன்பின் பல மாதம் அவனை நான் காணவில்லை.

அந்தக் கூடம் காலி வீதிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட ஓர் ஒழுங்கையில், ஒரு வீட்டின் மேல் மாடியில் இருக்கின்றது. இரண்டே அறைகள். ஒன்று பாடுபவர் நிற்கும் அறை. சுவரெங்கும் பஞ்சுப் பலகை பதித்துத் துணி போர்த்தியிருப்பார்கள். மற்றையது கணினியும் ஒலிபெருக்கிகளும் உள்ள அறை. இடையிலே இரட்டைக் கண்ணாடிச் சாளரம். நடத்துபவர் சிங்களச் சகோதரர் ஒருவர். இருபது ஆண்டுக்கு மேல் அத்தொழிலில் ஊறியவர். அவர் அவனை ‘மல்லி’ என்று அழைப்பார். தம்பி என்பது பொருள். அவன் அவரை ‘ஐயா’ என்பான். என்னையும் ‘ஐயா’ என்றுதான் அழைப்பான். எனக்கு அது தமிழ் ஐயா. அவருக்குச் சிங்கள ஐயா, அதாவது மூத்த சகோதரன். ஒரே சொல்லால் இருவரையும் அழைத்து, இருவரிடமும் பாடங் கேட்டவன் அவன்.

முதல் மூன்று மாதமும் எந்தக் கருவியையும் தொட அவனுக்கு அநுமதியில்லை. கூடத்தைக் கூட்டுவது, பிளேன்டீ ஊற்றிக் கொடுப்பது, வயர் சுற்றுவது ஆகியனவே வேலை. வயர் சுற்றுவதிலே என்ன கல்வி என்று நானும் நினைத்தேன். ஒரே திசையில் சுற்றிக்கொண்டே போனால் உள்ளே இருக்கும் செப்பு நூல்கள் முறுக்கேறி, நாளடைவிலே இற்றுப்போகும். ஆகையால் ஒரு சுற்றை மேற்புறமாகவும் அடுத்த சுற்றை உட்புறமாகத் திருப்பியும் இடவேண்டும். அப்படிச் சுற்றிய வயரின் ஒரு முனையைப் பிடித்து வீசினால் முடிச்சு விழாமல் நேரே ஓடும். பாடகர் வந்து காத்திருக்கும் வேளையில் முடிச்சவிழ்த்துக்கொண்டிருத்தல் ஆகாது. இந்த ஒன்றைக் கை தானாகச் செய்யும்வரை அவனுக்கு அடுத்த பாடம் நடக்கவில்லை.

அடுத்த பாடம் காவல். வெள்ளவத்தையிலே கரையோரப் புகையிரதப் பாதை கடலை ஒட்டியே செல்வதை அறிவீர்கள். வண்டி வருமுன்னரே தரை வழியாக ஓர் அதிர்வு வரும். மனிதச் செவிக்கு அது பெரிதாய்ப் புலப்படாது. ஒலிவாங்கியோ அதனை விடாது. பாடகர் உருகிப் பாடிய ஓர் அடி அந்த அதிர்வினால் பாழாகிவிடும். இவன் படிக்கட்டின் மேற்படியிலே அமர்ந்து, வண்டி வருவதற்கு அரை நிமிடம் முன்பே கை காட்ட வேண்டும். புகையிரதத்தோடு முடிந்ததா? காகம் கரையும். முச்சக்கர வண்டி இரையும். மாலையிலே பாண் விற்கும் வண்டி, பேத்தோவன் இயற்றிய மெட்டைக் குழலில் ஊதிக்கொண்டு ஒழுங்கைக்குள் நுழையும். மழை தகரத்தில் விழும். இவற்றோடு மின்சாரத்துக்கே உரிய ஓர் ஊமை இரைச்சலும் உண்டு. நம் நாட்டு மின்னோட்டம் ஒரு விநாடிக்கு ஐம்பது சுழற்சி உடையது. எங்கேனும் ஒரு வயர் சரியாகப் பொருந்தாவிடில் அந்த ஐம்பதும் தாழ்ந்த சுருதியாய்ப் பாட்டின் அடியிலே ஒலித்துக்கொண்டிருக்கும். இவை ஒவ்வொன்றையும் தனித்தனியே பிரித்தறிய அவன் செவி பழகிற்று.

நான்காம் மாதம் ஒலிவாங்கியை நிறுத்தும் பணி கிடைத்தது. வாய்க்கும் ஒலிவாங்கிக்கும் இடையே ஒரு சாண் அளவு இருக்க வேண்டும். நடுவிலே மெல்லிய துணிவலை ஒன்று வேண்டும். ஏன்? பகரம் பிறக்கும்போது இதழ் விண்டு வெளிப்படும் காற்று ஒலிவாங்கியின் மெல்லிய தகட்டிலே நேரே மோதினால், ‘ப’ என்னும் எழுத்து வெடிபோலப் பதிவாகும். மகரத்துக்கு அந்த இடர் இல்லை. வகுப்பறையிலே நான் விடை சொல்லாது உட்காரச் சொன்ன அதே வினாதான். அதற்கு விடை ஒரு சாண் அகலத் துணிவலையாக அவன் கையிலே வந்து சேர்ந்தது.

இப்படித் தொழில் பழகுவது கொழும்புக்குப் புதிதன்று. இந்நகரிலே ஒலிக்கலை ஒரு நூற்றாண்டை எட்டிய கலை. தந்தித் திணைக்களத்துப் பொறியியலாளராயிருந்த எட்வர்ட் ஹார்ப்பர், முதலாம் உலகப் போரிற் கைப்பற்றிய ஜெர்மானிய நீர்மூழ்கிக் கப்பலொன்றின் வானொலிக் கருவிப் பகுதிகளைக் கொண்டு ஓர் ஒலிபரப்புக் கருவி அமைத்து, மத்திய தந்தி அலுவலகத்து அறையொன்றிலிருந்து இசைத்தட்டுப் பாடல்களை வானிலே பரப்பிப் பார்த்தார். முறையான ஒலிபரப்பு 1925ஆம் ஆண்டு டிசம்பர் 16ஆம் தேதி தொடங்கிற்று. அதுவே 1949இல் இலங்கை வானொலியாகி, 1967இல் கூட்டுத்தாபனமாயிற்று. அந்நிலையத்திலே தமிழ் நிகழ்ச்சிகளை நெறிப்படுத்திய சோ. சிவபாதசுந்தரம் ‘ஒலிபரப்புக் கலை’ என்று தமிழிலே நூலே எழுதினார். எழுதும் தமிழ் வேறு, ஒலிவாங்கி முன் பேசும் தமிழ் வேறு என்பதை நம்மவர்க்கு உணர்த்தியவர்களில் அவர் முதன்மையானவர்.

அதற்கு முன்னரே இசைத்தட்டு நம் வீடுகளுக்குள் நுழைந்துவிட்டது. எஸ். ஜி. கிட்டப்பாவும் கே. பி. சுந்தராம்பாளும் 1926ஆம் ஆண்டளவில் இலங்கை நாடக மேடையிலே இணைந்தவர்கள் என்பது பலரும் அறிந்த செய்தி. கிட்டப்பா 1933இல், தமது இருபத்தேழாம் வயதிலே மறைந்தார். அவர் மேடையைக் கண்டவரை இன்று காண்பது அரிது; எனினும் அக்குரலை நாம் இன்றும் கேட்கிறோம். நிமிடத்துக்கு 78 தடவை சுழலும் பத்தங்குலத் தட்டிலே ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிட அளவே இடம். பாடகரும் பக்கவாத்தியக்காரரும் ஒன்றாய் நின்று பாட, ஒலி நேரே மெழுகுத் தட்டிலே கீறப்படும். நடுவிலே ஒருவர் இருமினாலும் அந்தத் தட்டு வீண். பிழையைப் பின்னர் திருத்தலாம் என்னும் ஆறுதல் எவர்க்கும் இல்லை. ஆகையால் பதிவு செய்பவரின் செவி பாடகரின் குரலைப் போலவே விழித்திருக்க வேண்டியிருந்தது.

செவியின் வன்மைக்கு வேறொரு சான்றும் இந்நகரில் உண்டு. சேலத்திலே பிறந்து இளவயதிலேயே இலங்கைக்கு வந்த மொகிதீன் பேக், சிங்களப் பாடலுக்கே தூணாக விளங்கி 1991இல் மறைந்தார். நாகர்கோவிலிலிருந்து வந்த ஆர். முத்துசாமி சிங்களத் திரைப்படங்கள் பலவற்றுக்கு இசையமைத்தார். பிறந்த மொழி வேறாயிருந்தும் ஒரு மொழியின் நெளிவு சுளிவுகளை அவர்கள் பாட்டிலே பிடித்துக்கொண்டது செவியால் அன்றி வேறெதனால்?

இரண்டாம் உலகப் போருக்குப் பின் மெழுகுத் தட்டின் இடத்தைக் காந்த நாடா பிடித்தது. நாடாவை வெட்டி ஒட்டலாம் என்ற நிலை வந்தபோதே திருத்தமும் கூடவே வந்தது. அதன்பின் கணினி. ஒரு விநாடி ஒலியை 48,000 புள்ளிகளாக அளந்து எண்களாக்கி வைத்துக்கொள்ளும் இக்காலத்திலே, எந்தப் புள்ளியையும் எடுக்கலாம், இழுக்கலாம், அழிக்கலாம். பெரிய மண்டபமும் பெரு முதலும் வேண்டியிருந்த தொழில் ஒரு வீட்டறைக்குள் அடங்கிவிட்டது. ஏ. ஆர். ரகுமான் 1989இல் சென்னைக் கோடம்பாக்கத்திலே தம் இல்லத்தை ஒட்டி அமைத்த கூடத்திலிருந்தே 1992இல் ‘ரோஜா’வின் இசை பிறந்தது. இன்று பள்ளி மாணவன் கையிலுள்ள பேசியிலேயே பாட்டைப் பதிவு செய்யலாம். அப்படியானால் ஒரு கூடத்திலே மாதக்கணக்கில் தேநீர் ஊற்றி, வயர் சுற்றிப் பழகுவது எதற்கு என்று கேட்கலாம். கருவியை ஒரு கிழமையிலே கற்கலாம். செவியை அப்படிக் கற்பிக்க இயலாது. பழகிய செவியின் அருகே இருந்துதான் பழகவேண்டும்.

இலண்டனிலே ஜெஃப் எமெரிக் என்பவர் பெற்ற பயிற்சி இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. 1962ஆம் ஆண்டு, பள்ளியை விட்டதும் நேரே, பதினாறு வயதிலே அபே ரோட் ஒலிப்பதிவுக் கூடத்தில் உதவியாளராய்ச் சேர்ந்தவர் அவர். நாடாப் பொறியின் பொத்தானை அழுத்துவதும் நிறுத்துவதுமே முதல் வேலை. கருவி பழுதுபார்ப்போர் வெள்ளை மேலங்கி அணிந்து நடமாடும் அக்கூடத்திலே ஒவ்வொன்றுக்கும் விதி உண்டு. ஒலிவாங்கியை முரசுக்கு எவ்வளவு தொலைவில் வைப்பது என்பதற்கும் விதி உண்டு. அவர் தட்டு வெட்டும் பிரிவு உட்பட ஒவ்வொரு படியாக ஏறினார். 1966இல், இருபதாம் வயதிலே, பீட்டில்ஸ் குழுவினரின் இசைத்தட்டுக்குத் தலைமைப் பதிவாளரானபோது, அந்த முரசு விதியைத் துணிந்து மீறி ஒலிவாங்கியை நெருக்கி வைத்தார். முரசுக்குள்ளே கம்பளிச் சட்டையைத் திணித்து ஒலியை அடக்கினார். நான்கு ஆண்டு விதியின்படி நின்று கேட்ட செவிக்கே அவ்விதியை எங்கே மீறலாம் என்பதும் தெரிந்தது.

அவர் வரலாற்றிலே என் நெஞ்சைத் தைத்த செய்தி வேறு. அப்பையன் அவ்வேலைக்குச் செல்ல அவனது பாடசாலையின் தொழில்வழிகாட்டும் ஆசிரியர் துணை நின்றாராம். அங்கே ஓர் ஆசிரியர் தம் மாணவனுக்கு வாயிலைத் திறந்துவிட்டார். இங்கே நான் என் மாணவனிடம் பாட்டுப் பெட்டிக்குக் காவலா என்று கேட்டேன்.

இனி அந்த ஆடி மாதச் செய்திக்கு வருகிறேன்.

கொட்டாஞ்சேனையில் உள்ள அம்மன் கோயிலொன்றின் திருவிழாவுக்கு இளைஞர்கள் சிலர் சேர்ந்து ஒரு பாமாலை பதிவு செய்ய விரும்பினார்கள். பாடல்களை எழுதியவர் அவ்வூர்ப் பெரியவர் ஒருவர். அவற்றைப் பார்த்துத் திருத்தித் தருமாறு என்னிடம் கொண்டு வந்தார்கள். நான் மிகுந்த அக்கறையோடு திருத்தினேன். ஓரிடத்திலே ‘பக்தர்’ என்றிருந்ததைத் தமிழ் மரபின்படி ‘பத்தர்’ என்று மாற்றினேன். அம்மன் வாயிலிலே பத்தர் கூட்டம் திரண்டு நிற்பதைச் சொல்லும் இடம் அது. பாடல்கள் பதிவானது என் மாணவன் பழகும் கூடத்தில் என்பது எனக்கு முன்பு தெரியாது.

ஒருநாள் இரவு பத்து மணிக்கு மேல் அவனிடமிருந்து அழைப்பு வந்தது. ஓராண்டுக்குப் பின் கேட்ட குரல். “ஐயா, ஒரு சொல்லு பிழையாக் கேக்குது. நான் ஐயாகிட்ட, இங்க இருக்கிற ஐயாகிட்ட, சொல்லிப் பார்த்தேன். தாளம் சரியா இருக்கு, தமிழ் எனக்குத் தெரியாது, தெரிஞ்சவர் யாரையாவது கூட்டிட்டு வா என்கிறார். நாளைக்குக் காலையில பிரதி எடுக்கக் குடுக்கணும். ஒருக்கா வந்து கேளுங்க.”

விடியற்காலையில் முச்சக்கர வண்டி பிடித்துச் சென்றேன். மேல் மாடியில் அச்சகோதரர் எழுந்து நின்று வரவேற்று, தம் நாற்காலிக்கு அருகே எனக்கு ஒரு நாற்காலி இட்டார். இவன் சுவரோரமாய் நின்றான். பாடற் பிரதியைக் கையில் விரித்து வைத்துக்கொண்டு கேட்டேன். இனிய குரல், பிழை எதுவும் தோன்றவில்லை. மறுமுறை போடச் சொன்னேன். இல்லை. மூன்றாம் முறையும் கேட்டேன். சொல்லுக்குச் சொல் பிரதியோடு ஒத்திருந்தது. “பிழை இல்லையே” என்று சொல்லிவிட்டேன்.

சொன்ன பிறகுதான் அவன் முகத்தைப் பார்த்தேன். பண்டிதர் தீர்ப்புச் சொல்லியாயிற்று. இனி அந்தக் கூடத்தில் இவன் செவியை யார் மதிப்பார்? அச்சகோதரர் ஒன்றும் சொல்லாமல் கணினியை மூடக் கையை நீட்டினார். அவன் ஓரடி முன்னே வந்தான்.

“ஐயா, கோவிக்காதீங்க. அந்தத் தாளை மடிச்சு வச்சிட்டு, கண்ணை மூடிட்டு ஒரே ஒரு தரம் கேளுங்க.”

மடித்தேன், மூடினேன். அவன் வேண்ட, அச்சகோதரர் அந்த ஒரு சொல்லை மாத்திரம் தனியே ஒலிக்க விட்டார். என் செவியிலே விழுந்த சொல் ‘பத்தர்’ அன்று, அது ‘பதர்’.

நெல்லிலே மணி இல்லாத பதர்! அம்மன் வாயிலிலே பதர்க் கூட்டம் திரண்டு நிற்கின்றது என்று திருவிழா முழுவதும் ஒலிபெருக்கி முழங்கியிருக்கும். அதற்கு ஒப்புதல் அளித்தவன் நானாக இருந்திருப்பேன்.

எப்படி நேர்ந்தது என்பதை அவன் திரையிலே காட்டினான். பாடகர் அந்தச் சொல்லைச் சரியாகத்தான் பாடியிருந்தார். தாளத்துக்கு ஓர் அணுவளவு பிந்திப் பாடியிருந்தார். தாளத்தோடு பொருத்துவதற்காகச் சொல்லின் பிற்பகுதியைக் கணினியிலே சற்று முன்னே இழுத்தார்கள். இழுத்தபோது இடையிலிருந்த ஒரு வெற்றிடம் மூடிக்கொண்டது. திரையிலே அது வெறும் நேர்கோடு. ஒலியே இல்லாத இடம். தமிழ் அறியாதவருக்கு அதிலே இழப்பதற்கு ஒன்றுமில்லை. ஆனால் அந்த ஒலியில்லாத இடமே தகர மெய்.

வாசகர் சொல்லிப் பார்க்கலாம். ‘பத்தர்’ என்னும்போது நா நுனி மேற்பல்லின் அடியைப் பொருந்தி, மூச்சை அடைத்து, ஒரு கணம் நிற்கின்றது. அந்தக் கணத்தில் எவ்வொலியும் வெளிவருவதில்லை. பின்னர் அடைப்பு விண்டு அடுத்த எழுத்துப் பிறக்கின்றது. ‘பதர்’ என்னும்போது அந்த நிற்றல் இல்லை. நா தொட்டும் தொடாமலும் மெலிந்து செல்கின்றது. ஒற்றெழுத்துக்கு அரை மாத்திரை என்று இலக்கணகாரர் வகுத்தார்கள். கண்ணிமைப்பும் கைந்நொடியும் கொண்டு மாத்திரையை அளந்தவர்கள் அவர்கள். நானும் அதைப் பல நூறு மாணவர்க்கு ஒப்புவிக்கச் செய்திருக்கிறேன். வல்லொற்றின் அந்த அரை மாத்திரை பெரும்பாலும் மௌனமே என்பது, திரையிலே நேர்கோடாய்க் காணும்வரை, எனக்கு உறைக்கவில்லை. தகரத்தின் தலையிலே நாம் இடும் புள்ளி, நாவை அங்கே நிறுத்து என்பதற்கு அடையாளம். நிறுத்தாவிடில் பத்தர் பதராகிறார்.

நான் ஏன் மூன்று முறையும் கேட்கவில்லை? சொல் எனக்கு முன்பே தெரியும். அதைத் திருத்தி எழுதியவனே நான். கண் பிரதியிலே ‘பத்தர்’ என்று வாசிக்க, செவி அதற்குத் தலையாட்டிற்று. நன்னூலார் விதித்தபடி மும்முறை கேட்டதாக எண்ணினேன். உண்மையிலே மும்முறை வாசித்தேன். அவனோ பத்து மாதமாகப் புகையிரத அதிர்வையும், மின்சாரத்தின் ஊமைச் சுருதியையும், பகரத்தின் காற்றையும் பிரித்துப் பிரித்துக் கேட்டுப் பழகியவன். தெரிந்த சொல்லைக் கேட்காமல், வந்த ஒலியைக் கேட்டான். ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். ‘பக்தர்’ என்று பெரியவர் எழுதியபடியே விட்டிருந்தால் இந்த இடரே வந்திராது. அதற்காகத் திருத்தியது தவறென்று சொல்லமாட்டேன். திருத்தியவன் அதை ஒலித்துக் காட்டவும் கடமைப்பட்டவன் என்று மாத்திரம் சொல்லுவேன்.

“பிழை இருக்கிறது. அவன் கேட்டதே சரி. எனக்குத்தான் கேட்கவில்லை” என்று அச்சகோதரரிடம் சொன்னேன். அவன் அதைச் சிங்களத்திலே பெயர்த்துச் சொல்லக் கூசி நின்றான். நானே எனக்குத் தெரிந்த அரைகுறைச் சிங்களத்திலே சொல்லி முடித்தேன். அவர் சிரிக்கவில்லை, சினக்கவும் இல்லை. அந்தச் சொல்லை மறுபடியும் தாமே இரண்டு தடவை கேட்டார். ‘பத்தர்’, ‘பதர்’ என்று என்னைச் சொல்லச் சொல்லி, என் வாயை உற்றுப் பார்த்தார். பிறகு தம் நாற்காலியைவிட்டு எழுந்து, “மல்லி, நீயே செய்” என்றார்.

அதுவரை அவன் அந்த நாற்காலியிலே அமர்ந்ததில்லை. அமர்ந்தான். பழைய பதிவிலிருந்து அந்தச் சொல்லை முழுமையாக எடுத்தான். சொல்லின் இறுதியை முன்னே இழுப்பதற்குப் பதிலாக, தொடக்கத்துப் பகரத்தைச் சிறிது முன்னே நகர்த்தினான். வெற்றிடம் வெற்றிடமாகவே நின்றது, தாளமும் பொருந்திற்று. ஐந்து நிமிட வேலை. மூவரும் கேட்டோம். கீழே புகையிரதம் ஒன்று கடலோரமாய்ச் சென்றது. பதிவு நடக்கவில்லையாதலால் எவரும் கை காட்டவில்லை.

இத்தொழிலை உள்ளதற்கு மேலாக உயர்த்திப் பேசுவது என் நோக்கமன்று. அவனுக்கு இன்றும் வருமானம் சிறிது. எழுத்திலான உடன்படிக்கை இல்லை. பயிற்சி முடிந்ததென்று சொல்லும் சான்றிதழும் இல்லை. தொழிற் பயிலுநருக்கென 1971ஆம் ஆண்டிலேயே நம் நாட்டிலே சட்டம் இயற்றப்பட்டது. தச்சருக்கும் பொறி திருத்துநருக்கும் கிடைக்கும் ஒழுங்கான பயிற்சியும் தகைமையும் ஒலிப்பதிவு பழகும் பிள்ளைகளுக்கும் எட்ட வேண்டும் என்பது என் விண்ணப்பம். இரவு பகலாய் உழைப்பவனுக்குத் தேநீரும் பேருந்துக் கட்டணமும் மாத்திரம் போதா.

ஆசிரியத் தோழர்களுக்கு மற்றொரு விண்ணப்பம். எழுதப்படும் தமிழைக் காப்பதற்குப் பண்டிதரும் பதிப்பாசிரியரும் இருக்கின்றோம். இன்று தமிழ் பெரும்பாலும் ஒலியாகவே மக்களைச் சென்றடைகின்றது: பாட்டாக, வானொலியாக, கைப்பேசிச் செய்தியாக. ஒரு பொத்தானை அழுத்தி அரை மாத்திரையை அழித்துவிடக்கூடிய காலம் இது. அந்த இடத்தில் தமிழ்ச் செவியுடைய ஒருவன் அமர்ந்திருக்க வேண்டும். அப்படி ஒருவன் உங்கள் வகுப்பின் கடைசி வாங்கிலே உள்ளங்கையை வாய்க்கு நேரே பிடித்துக்கொண்டு இருக்கலாம். அவனை உட்காரச் சொல்லாதீர்கள்.

திருவிழாவன்று மாலை கொட்டாஞ்சேனைக்குச் சென்றிருந்தேன். தெருவெங்கும் தோரணம், கம்பத்துக்குக் கம்பம் ஒலிபெருக்கி. கச்சான் கடைக்காரியின் குரலும் வாகன இரைச்சலும் கலந்த அந்தச் சந்தடியிலே அந்தப் பாட்டு வந்தது. அந்தச் சொல்லுக்காகக் காத்து நின்றேன். நா ஒரு கணம் நின்று, பத்தர் என்று தெளிவாய்ப் பிறந்தது. எவரும் அதனைக் கவனிக்கவில்லை. கவனிக்க வேண்டிய தேவை இல்லாதபடி ஒருவன் கவனித்திருந்தான்.

இவ்வாண்டு பிறப்பியலைத் தொடங்கிய நாளில் மாணவர் எல்லாரையும் உள்ளங்கையை வாய்க்கு நேரே பிடிக்கச் சொன்னேன். பகரத்தையும் மகரத்தையும் மாறி மாறி ஒலிக்கச் செய்தேன். “இது பரீட்சைக்கு வருமா ஐயா?” என்றாள் ஒருத்தி. “வராது, பிள்ளை, ஆனாலும் கேள்” என்றேன்.